எந்தக் குரலை மீட்பது?

போன ஆண்டு முதுகலை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த படம் எதையாவது தியேட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் கைதூக்கினார்கள். 'கர்ணன்' என்றார்கள், 'ஆயிரத்தில் ஒருவன்' என்றார்கள், ஒருத்தி 'வசந்த மாளிகை' என்றாள். அப்பாவோடு போனது, சித்தப்பா கூட்டிப்போனது, தாத்தா அடம்பிடித்து எல்லோரையும் வேனில் ஏற்றிப்போனது. அம்மாவுக்குப் பிடித்த படம் என்று போனதாக ஒருத்தியும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த கல்லல் பக்கத்துப் பெண் கேட்டாள்: "ஏம்மா, பொம்பளைங்க கதையா வந்த பழைய படம் எதையும் இப்படிப் புதுசாக்கிப் போட மாட்டாங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்துவிட்டதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நியாயமாக இருந்துவிடுகிறேன். 2012 மார்ச்சில் 'கர்ணன்' மீண்டும் வந்தபோது நானும் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன். 1964இல் வந்த பி. ஆர். பந்துலுவின் படம். நிறம் வெளுத்து, கீறல் விழுந்து, தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்த்திருந்த படத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். எல்லோரும் சிவாஜிக்காக விசிலடித்தார்கள். நான் எம். வி. ராஜம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையிடம் மற்ற பிள்ளைகளுக்காக வரம் கேட்கப்போகிற குந்தியின் முகத்தில் வெட்கமும் கணக்கும் ஒன்றாக ஓடுவதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. அது நடிப்பில் இல்லாததால் அல்ல, தேய்ந்த பிரதியில் தெரியாததால். இந்த ராஜம்மா 1943லேயே கன்னடத்தில் 'ராதா ரமணா' என்று சொந்தமாகப் படம் எடுத்தவர் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. மீட்டெடுத்தல் என்பது வெறும் துடைப்பு வேலை இல்லை, புதைந்திருக்கிற நடிப்பை வெளியே கொண்டுவருகிற வேலையும்தான் என்று அன்று புரிந்தது.

படம் நூறு நாள் தாண்டி ஓடியது. அதோடு ஒரு வழி திறந்தது. 2014இல் எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்', 2015இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 2019இல் 'வசந்த மாளிகை', 2021இல் 'உலகம் சுற்றும் வாலிபன்'. பட்டியலைப் பார்த்தாலே விதி தெரிந்துவிடும். ரசிகர் மன்றம் இருந்த நடிகருக்கே மறுபிறவி. கட்அவுட் வைக்கவும் பால் ஊற்றவும் ஆள் இருக்க வேண்டும். போட்ட பணத்தை எடுக்க வேண்டிய விநியோகஸ்தரை இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் சட்டங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கீறலும் பூஞ்சையும் நீக்கி, ஆட்டம் நிறுத்தி, நிறம் சரிசெய்து எடுக்க ஆகும் செலவை எவரும் தர்மத்துக்குச் செய்யமாட்டார்கள்.

ஆனால் பெண்களுக்கு ரசிகர் மன்றம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் கூட்டம் இருந்தது. மதியக் காட்சிக்குச் சமையலை முடித்துவிட்டு, கைக்குழந்தையோடு, பக்கத்து வீட்டுக்காரிகளோடு நடந்தே போய்த் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்த கூட்டம். தமிழ்ப் படங்களை வெள்ளிவிழா காணவைத்தது அந்த மதியக் காட்சிகள்தான். அவர்கள் மன்றம் வைக்கவில்லை, கொடி கட்டவில்லை. அதனால் அவர்கள் பார்த்த படங்களுக்கு இன்று கேட்க ஆளில்லை.

பெண்கள் இயக்கியவற்றின் கதி இன்னும் மோசம். பானுமதி 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். சாவித்திரி 1969இல் 'குழந்தை உள்ளம்', 1971இல் 'பிராப்தம்' இயக்கினார். 'பிராப்தம்' சிவாஜி நடித்த படம். அப்படி இருந்தும் சிவாஜி படங்களைத் தேடித்தேடித் தூசி தட்டுகிற வரிசையில் அதன் பெயர் அடிபட்டு நான் கேட்டதில்லை. சாவித்திரி என்றால் அவர் எப்படிக் குடித்தார், எப்படி ஏமாந்தார், எப்படிச் செத்தார் என்று பேசத் தயாராக இருக்கிறோம். எங்கே கேமராவை வைத்தார் என்று பேசுவதற்குப் படம் கண்ணில் பட வேண்டுமே.

நான் தமிழ் படித்தவள். முனைவர் பட்டத்துக்காக நாலு வருஷம் பாடவேறுபாடுகளோடு மல்லுக்கட்டியவள். அதனால் படத்தை மீட்பது என்று யாராவது சொன்னால் எனக்குப் பதிப்பு வேலைதான் நினைவுக்கு வரும். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது செய்தது என்ன? கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டார். எது மூலம், எது எழுதினவன் கைத்தவறு, எது பின்னால் எவரோ செருகியது என்று பிரித்தார். ஐயம் வந்த இடத்தில் ஐயம் என்றே குறித்தார். படத்துக்கும் இதே முறைதான். மூல நெகட்டிவ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அதிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவ், அதுவும் இல்லையென்றால் கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பிரதிகள். ஒன்றில் இல்லாத பகுதியை இன்னொன்றிலிருந்து எடுத்து இட்டு நிரப்புவார்கள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிவைப்பதும் அந்த வேலையின் பகுதி.

நம் ஊரில் 'டிஜிட்டல் மெருகு' என்ற பெயரில் நடப்பதில் பாதி இந்த ஒழுங்குக்குள் வராது. கறுப்புவெள்ளைக்கு வண்ணம் பூசுகிறார்கள். பழைய ஒலிக்கு மேல் புதிய ஒலியை ஏற்றுகிறார்கள். பழைய படங்களின் சட்டம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. அதை அகலத்திரைக்கு இழுக்க வேண்டுமென்றால் மேலும் கீழும் வெட்டியாக வேண்டும். இப்படி அகலமாக்கிய ஒரு மறுவெளியீட்டில் நடனக் காட்சி வந்தது. ஆடுகிறவளின் பாதம் திரையில் இல்லை. சலங்கைச் சத்தம் மட்டும் ஆறு ஸ்பீக்கரிலும் அதிர்கிறது, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. என் பின்னால் இருந்தவர் "சவுண்டு சூப்பர்" என்றார். முகம் தப்பித்தது, இடுப்பு தப்பித்தது, வருஷக்கணக்கில் பயின்ற கால் போயிற்று. வெட்டியவர்களுக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை போலிருக்கிறது.

காரைக்குடிக்காரர்களுக்கு இந்தச் சண்டை பழையது. 1939இல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த மேடையின் நாயகர் டி.கே.சி., கம்பனுடையதாகத் தமக்குத் தோன்றாத பாடல்களைத் தள்ளினார், பிடிக்காத சொற்களைத் திருத்தினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். ரசனைக்காக மூலத்தைத் தொடலாமா என்பது அன்றைய கேள்வி. இன்றைய ரசிகனுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பழைய படத்தைத் திருத்துகிறவர்களுக்கு டி.கே.சி.யின் ரசனையும் இல்லை, கொதிப்பதற்குப் பண்டிதர்களும் இல்லை.

ஆனால் எது மூலம் என்பதே சிக்கலாகிற இடமும் உண்டு. அது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எடுத்த படத்திலேயே இருக்கிறது.

ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். போர்க்காலத்துக்குப் பிறகு அவர் ஸ்டுடியோ போட்டது சென்னையில் இல்லை, இங்கே. தேவகோட்டை சாலையில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். இந்தியா சுதந்திரம் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்னால், 1947 ஜனவரியில் வெளியான 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். பாரதியார் பாடல்களுக்குக் குமாரி கமலா ஆடினார், டி. கே. பட்டம்மாள் பாடினார். கமலாவுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். ஒரு சிறுமியின் காலும் ஒரு பெண்ணின் குரலும் சேர்ந்து, சுதந்திரம் வந்துவிட்டதாகவே ஜனங்களை நம்பவைத்தன. 1948இல் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. இன்று அந்தச் சாலை வழியாகத் தினமும் கல்லூரிப் பேருந்தில் போகிற என் மாணவிகளில் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. என் அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது. ஷூட்டிங் பார்க்கப் போய் வீட்டில் அடி வாங்கியவர் அவர். என்ன பார்த்தீங்க என்று கேட்டால், "லைட்டுதான் பாத்தேன், வேற என்னத்தைப் பாத்தேன்" என்பார்.

நான் சொல்ல வந்த படம் அதற்கும் முந்தையது, 1945இல் வந்த 'ஸ்ரீ வள்ளி'. டி. ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. அந்தக் காலத்து வழக்கப்படி ருக்மணி தன் பாட்டைத் தானே பாடினார். படம் முடிந்த பிறகு மெய்யப்பனுக்கு அது திருப்தியாக இல்லை. மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடு கொடுக்கவில்லை என்று பட்டது. பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மணியின் உதட்டசைவுக்குப் பொருத்தி, பழைய குரலை எடுத்துவிட்டார். தமிழ்ப் பட வரலாற்றில் இதைத் தொழில்நுட்பச் சாதனையாக எழுதுவார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. பெரியநாயகியின் குரலுக்காகவே அந்தப் படத்தை இன்றும் கேட்கலாம்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளை 'ஸ்ரீ வள்ளி'யை மீட்க ஒருவர் உட்காருகிறார். ஏதோ ஒரு பெட்டியில் ருக்மணி பாடிய முதல் ஒலிச்சுருள் கிடைக்கிறது. எதை மீட்பார்? தயாரிப்பாளர் ஒப்பிய பாடம் பெரியநாயகியுடையது. நடித்த உடம்பிலிருந்து வந்த பாடம் ருக்மணியுடையது. ஜனங்கள் காதில் நிற்பது முன்னது. பதிப்பு நெறிப்படி இரண்டையும் தர வேண்டும், ஒன்றை மேலே, மற்றதை அடிக்குறிப்பில். அடிக்குறிப்பில் போவது யார் என்பதுதான் கேள்வி. இரண்டு பெண்களைப் போட்டியாக நிறுத்திவிட்டு, தராசைப் பிடித்திருந்த கை எது என்று கேட்காமல் போவது நம் பழக்கம். அதை நான் செய்ய விரும்பவில்லை. இரண்டு குரலும் எனக்கு வேண்டும்.

ருக்மணியின் மகள் லட்சுமி. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்தின் கங்காவாக நடித்துத் தேசிய விருது வாங்கியவர். 1980இல் 'மழலைப் பட்டாளம்' இயக்கியவர். அம்மாவின் குரலைத் துடைத்த தொழிலுக்குள்ளேயே மகள் நுழைந்து, தன் குரலில் பேசி, இயக்குநர் நாற்காலியிலும் உட்கார்ந்தாள். இதை ஒரு குடும்பக் கதையாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அப்பா, மகன், பேரன் என்று வந்திருந்தால் இதற்குள் மூன்று புத்தகம் வந்திருக்கும்.

இருப்பதை எப்படி மீட்பது என்று இவ்வளவு பேசுகிறோம். இல்லாததை என்ன செய்வது? தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. படம் இன்று இல்லை. 1936இல் அதே ராஜலட்சுமி தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 'மிஸ் கமலா' என்று எழுதி, இயக்கி, நடித்துத் தயாரித்தார். தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். அதுவும் இல்லை. பெயர் இருக்கிறது, சில புகைப்படங்கள் இருக்கின்றன. சங்கப் புலவர்களில் சிலருக்கு அவர்கள் பாட்டில் வந்த ஒரு தொடரே பெயராகிவிட்டது, பாட்டு மட்டும் நம்மிடம் இருக்கிறது. ராஜலட்சுமிக்கு நேர்மாறு. பெயர் இருக்கிறது, பாட்டைக் காணோம்.

அழிந்த விதம் ஒன்றும் மர்மம் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட். பருத்தியிலிருந்து செய்தது, பஞ்சு போலவே பற்றிக்கொள்ளும். வைத்திருப்பதே ஆபத்து என்று பலர் கைகழுவினார்கள். பத்திரமாக வைத்தவர்களையும் அது விடவில்லை. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு எரிந்தது. பின்னால் வந்த அசிடேட் பிலிம் எரியாது, ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது எத்தனை நாள் தாங்கும்? இதற்கெல்லாம் மேல் வியாபாரம். கறுப்புவெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடிந்த படத்தைக் கிலோக் கணக்கில் வாங்கி, வெள்ளியை உருக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை வளையலுக்கும் கைப்பைக்கும் விற்றார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 'மிஸ் கமலா' யாருடைய கையில் வளையலாக இருந்து உடைந்ததோ. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்தார் அல்லவா, அப்படித் துடிக்க ராஜலட்சுமியின் படத்துக்கு ஒருவரும் இல்லாமல் போனார்.

அழியாமல் நின்ற ஒன்று 'தியாகபூமி'. கே. சுப்ரமணியம் இயக்கி 1939இல் வந்தது. கல்கியின் கதை, படமாகிக்கொண்டிருக்கும்போதே விகடனில் படத்தின் புகைப்படங்களோடு தொடராக வந்தது. வெள்ளை அரசு தடை செய்த படம். தடைக்கான காரணமாகச் சுதந்திரப் போராட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் படம் வேறொரு காரணத்துக்காக முக்கியம்.

2008இல் எனக்கு நீதிமன்றத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. நான் வீட்டைவிட்டு வெளியேறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணவர் மனுப்போட்டிருந்தார். தாம்பத்திய உரிமையை மீட்டுத் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மீட்டு என்ற சொல்லை நான் அதுவரை நல்ல சொல்லாகத்தான் நினைத்திருந்தேன். யாழை மீட்டலாம், அடகு வைத்த நகையை மீட்கலாம். என்னை மீட்டு இன்னொருவர் கையில் ஒப்படைக்கவும் அந்தச் சொல் பயன்படும் என்று தெரிந்தபோது எனக்கு முப்பது வயது. வக்கீல் நல்ல மனிதர். "சும்மா ஒரு பேப்பர்தாம்மா, பயப்படாதீங்க" என்றார். பயப்படத்தான் செய்தேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சட்டம் படித்தேன். இந்துத் திருமணச் சட்டம், 1955, பிரிவு 9. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று சொன்னது. வழக்கில் அதை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? நம் நடிகை சரிதா, 'தண்ணீர் தண்ணீர்' சரிதா. மறு வருஷமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

வழக்கு முடிந்து நாலைந்து வருஷம் கழித்துத்தான் 'தியாகபூமி'யைப் பார்த்தேன். கணினியில், மழை பெய்வது போன்ற கீறல்களோடு. எஸ். டி. சுப்புலட்சுமி நடித்த சாவித்திரியைக் கணவன் விரட்டுகிறான். அவள் குழந்தையைத் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போய், பின்னால் சொத்தோடு உமாராணியாகத் திரும்புகிறாள். இப்போது கணவனுக்கு அவள் வேண்டும். கோர்ட்டுக்குப் போகிறான், அதே மனுவோடு. தீர்ப்பு அவன் பக்கம். சேர்ந்து வாழ முடியாது, வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் அவள். 1939இல்! நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப ஓட்டினேன். ஒலி கரகரத்தது, வசனத்தில் பாதி காதில் விழவில்லை. நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயசைவைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். பாடவேறுபாடு பார்க்கப் படித்த படிப்பு ஒரு வழியாக எனக்கே பயன்பட்டது.

இந்தப் படம் எனக்கு ஒரு நாலு வருஷம் முன்னால் கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழக்கில் ஒன்றும் மாறியிருக்காது. கூண்டில் நின்றபோது முழங்கால் நடுங்கியிருக்காது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் அங்கே ஒருத்தி நின்றிருக்கிறாள் என்பது தெரிந்திருக்கும். படம் முடிகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசம் குறுக்கே வந்து அந்தத் தம்பதியின் பிணக்கைத் தன் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறது. ஆனாலும் அந்த நீதிமன்றக் காட்சியைத் தேசத்தால் அழிக்க முடியவில்லை.

போன ஆண்டு அந்தக் காட்சியை வகுப்பில் போட்டேன். ஆரம்பத்தில் சிரிப்புத்தான். அந்தக் காலத்து உச்சரிப்பு, மேடைப்பேச்சு போன்ற வசனம். ஜீவனாம்சம் என்ற இடத்தில் வகுப்பு அமைதியானது. "இன்னொரு தடவை போடுங்கம்மா, சரியாக் கேக்கலை" என்றார்கள். மூன்று தடவை போட்டும் சரியாகக் கேட்கவில்லை. மீட்டெடுத்தலைப் பற்றி ஆயிரம் கோட்பாடு பேசலாம். எனக்கு வேண்டியது இது: அவள் சொல்வது பின்பெஞ்சு வரை கேட்க வேண்டும்.

'அவள் அப்படித்தான்' படத்திலும் இதே தொல்லை. 1978 தீபாவளிக்கு வந்த சி. ருத்ரய்யாவின் படம். அரையிருட்டில் எடுத்த கறுப்புவெள்ளை. மஞ்சுவாக நடித்த ஸ்ரீப்ரியாவின் முகத்தில் பாதி எப்போதும் நிழலில் இருக்கும். நாங்கள் பார்த்த விசிடியில் நிழலும் முகமும் ஒரே சாம்பல் குழம்பு. அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறேன் என்று மைக்கை நீட்டிக்கொண்டு திரிவான். அந்தப் பெண்கள் சொல்லும் பதில்கள்தான் படத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அவையும் இரைச்சலுக்குள் போய்விடுகின்றன. பெண்கள் பேசுவதைக் கேட்காத ஒரு சமூகத்தைப் பற்றிய படத்தில் பெண்கள் பேசுவது கேட்கவில்லை. படம் பார்த்த பிறகு மாணவிகள் மஞ்சுவைத் திட்டினார்கள், "ரொம்பப் பண்றா" என்றார்கள். முகம் தெரிந்திருந்தால் இவ்வளவு திட்டியிருப்பார்களா என்று தெரியவில்லை. திட்டியும் இருப்பார்கள்.

தோழி ஒருத்தி கேட்டாள்: நம்மை அவமானப்படுத்துகிற படங்களையும் சேர்த்து மீட்கச் சொல்கிறாயா? 'பட்டிக்காடா பட்டணமா' இருக்கிறதே, படித்த மனைவியை அடித்து அடக்குகிற படம், அதையுமா? அதையும்தான். ஒரு சட்டத்தைக்கூட வெட்டாமல். ஜெயலலிதா என்ற நடிகையின் திமிர் எத்தனை அழகாக இருந்தது, அதைப் பார்த்து ஒரு கொட்டகை முழுக்க எப்படிப் பயந்தது, அடி விழுந்தபோது எப்படிக் கைதட்டியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன? இன்றைய பார்வையாளருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அறைகளை மட்டும் எடுத்துவிட்டால், அடித்தவர்களுக்குத்தான் நல்ல பெயர் மிஞ்சும்.

செய்ய முடியாத வேலையும் இல்லை. அரவிந்தனின் மலையாளப் படம் 'தம்பு', 1978. மூல நெகட்டிவே இல்லாத நிலையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அதை மீட்டு 2022இல் கான் விழாவுக்குக் கொண்டுபோனது. அந்த வேலையில் ஒரு பகுதி நடந்த ஆய்வகம் சென்னையில் இருக்கிறது. மறு வருஷம் மணிப்பூரியில் வந்த 'இஷானௌ'. குடும்பத்தைத் துறந்து தெய்வம் ஏறிய பெண்களோடு போய்விடும் ஒரு தாயின் கதை. எழுதியவர் பினோதினி தேவி என்ற பெண். கதாநாயகி கிரண்மாலா முப்பது வருஷத்துக்கு மேல் கழித்துக் கான் அரங்கில் உட்கார்ந்து தன் இளமுகத்தைப் பார்த்தார். மணிப்பூரி மொழியில் எடுத்த படங்களே கொஞ்சம். அதில் ஒன்றுக்கு, அதுவும் ஒரு பெண்ணின் கதைக்கு, இது நடந்திருக்கிறது. தமிழில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் விழிக்கிறேன்.

எங்கள் ஊரில் வீடுகளை மீட்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் பூசி, ஆத்தங்குடிக் கல்லை மெழுகி, விடுதியாக்கி வெளிநாட்டாருக்குக் காட்டுகிறார்கள். முகப்பும் வளவும் மின்னும். ஆச்சிமார் ஆயுள் முழுக்க நின்ற அடுப்படியைக் காட்டுங்கள் என்று ஒரு விடுதியில் கேட்டேன். ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிறவர். ஊர் ஊராகப் போய்ப் பழைய புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் அடுப்பெரித்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்புதான் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் ஆயிற்று. படமே இல்லாமல் போனவற்றுக்குப் பாட்டுப் புத்தகம்தான் ஏடு. நடிகர் பட்டியல், பாட்டு, கதைச்சுருக்கம், எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ. அதை வாங்கி மடியில் முடிந்து வந்து, பாட்டை மனப்பாடம் செய்து, பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்திருந்தவர்களில் பெண்கள் எத்தனை பேரோ, அதற்குக் கணக்கு இல்லை.

பரீட்சை முடிந்த பிறகு அந்தக் கல்லல் பெண் துறைக்கு வந்தாள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் எனாமல் கிண்ணங்களுக்கு நடுவே கிடந்ததாம், முப்பது ரூபாய்க்கு வாங்கியிருக்கிறாள். ஒரு பாட்டுப் புத்தகம். அட்டை இல்லை, முதல் தாள் இல்லை. எந்தப் படம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தொட்டால் ஓரம் உதிர்கிறது. இரண்டு வெண்ணெய்த்தாளுக்கு நடுவில் வைத்து மெதுவாகப் புரட்டினோம். கதைச்சுருக்கத்தில் ஒரு பெண் இரவில் குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஆற்றங்கரைக்கு வருகிறாள். அந்த இடத்தில் பக்கம் முடிகிறது. கீழே எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் போடுகிற வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க.